லாரிப் பக்கம் வேலை செய்பவர்கள் கேட்டவை

22 ஆண்டு லாரி ஓட்டினேன். இப்போது கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பரவை மார்க்கெட் லோடுமேன்: அண்ணே, லாரி ரிவர்ஸ் வரும்போது நாங்கள் எங்கே நிற்பது?

தம்பி, நேர் பின்னால் நிற்கவே வேண்டாம். டிரைவர் பக்கமாக, வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி, சைடு கண்ணாடியில் அவர் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

ஒரு விடியற்காலை, பக்கத்து லாரிக்கு அதன் கிளீனர் ‘வரட்டும், வரட்டும்’ என்று கத்தியதை என் வண்டிக்கென்று நினைத்துப் பின்னால் எடுத்துவிட்டேன். யாரோ பாடியைப் படபடவென்று தட்டினார்கள். பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர், மேடைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் நின்றார். தோள் துண்டு பம்பரில் மாட்டியிருந்தது. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரமானது.

அன்றிலிருந்து ‘வரட்டும்’ சொல்ல ஒரே ஆள்தான். நிறுத்தச் சொல்லும் ‘ஓல்டான்’ மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வழிகாட்டுகிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும்.

மேலூர் டிப்பர் கிளீனர்: தொட்டியைத் தூக்கி வைத்து அடியில் கிரீஸ் அடிக்கிறோம். ஜாக்கி தாங்கும்தானே?

அதை நம்பாதீர்கள். ஆயில் ஓஸ் ஒன்று வெடித்தால் தொட்டி மொத்தமாக இறங்கிவிடும். காலித் தொட்டியாக இருந்தாலும் முட்டு கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். அப்புறம், தூக்குமுன் மேலே கரண்டு கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டுவிட்டால் டிரைவர் கேபினிலேயே இருக்கட்டும், கீழே நிற்பவர்கள் வண்டியைத் தொடாமல் விலகி, லைனை நிறுத்தச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும்.

கப்பலூர் மில் தொழிலாளி: அண்ணா, லாரி கேட்டுக்குள் திரும்பும்போது இடப்பக்கமாக ஸ்கூட்டியில் போய்விடலாமா?

வேண்டாம்மா. இடப்பக்கம்தான் எங்களுக்குச் சரியாகத் தெரியாத பக்கம். பின் சக்கரமும் உள்வாங்கித்தான் வரும். திரும்பி முடிக்கட்டும்.

திருமங்கலம் டிரைவர்: சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதுமா?

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கல் நழுவும், மரக்கட்டையை இறுக வையுங்கள். கல்தான் கிடைத்தது என்றால், கிளம்பும்போது அதை ரோட்டிலேயே விட்டுவிடாதீர்கள். பின்னால் இருட்டில் டூவீலரில் வருகிறவருக்கு அது தெரியாது.