திங்கள் ஒரகடம், ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை: ஒரே கார் போதுமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். வேலை ஒரகடத்தில், தினமும் போக வர 50 கிலோமீட்டர். வீட்டில் மனைவி, நான்கு வயது மகள். இன்னொரு கார் வாங்கப் பணமும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை. வருடத்துக்கு நான்கைந்து முறை இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்கில் ஓட்ட ஆசை. கையில் 15 லட்சம் இருக்கிறது. பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, பழைய ஃபோக்ஸ்வேகன் வர்ட்டஸ் ஜிடி 1.5 டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்), புதிய ஹூண்டாய் ஐ20 என் லைன். இந்த மூன்றில் எதை எடுக்கலாம்? ஆக்டேவியாவின் 180 பிஎஸ் (குதிரைசக்தி) மனதை இழுக்கிறது.

பதில்: ஐ20 என் லைன் எடுங்கள், அதுவும் மேனுவல் கியரில். 15 லட்சத்தையும் காரிலேயே போட்டுவிடாதீர்கள். ஒன்றரை லட்சமாவது தனியாக இருக்கட்டும். பிரேக் பேட், டயர், ஆயில், டிராக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அந்தப் பணம் இல்லாமல் பெரிய காரை வாங்கிய சிலரைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை டிராக்குக்கு வருவார்கள், டயர் கடையில் விலை கேட்பார்கள், அதன் பிறகு வரமாட்டார்கள்.

நீங்கள் பிஎஸ் கணக்கில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். நேர்ப்பாதையில் மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் ஒரு காரை வளைவுக்கு முன் 70-க்கு இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,200 கிலோ. அந்த ஒரு அழுத்தலில் இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 8 லட்சம் ஜூல். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் பெரும்பகுதி சில நொடிகளில் நான்கு சக்கரங்களுக்குள் வெப்பமாக இறங்குகிறது. அடுத்த வளைவில் மறுபடி, அடுத்த சுற்றில் மறுபடி. சென்னை வெயிலில் அது ஆறவும் நேரம் எடுக்கும். சாலையில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இப்படித் திரும்பத் திரும்ப முழு பலத்தோடு யாரும் பிரேக் அடிப்பதில்லை. அதனால்தான் சாலையில் குறையே தெரியாத கார் டிராக்கில் நான்காவது சுற்றிலேயே தளர்ந்துவிடுகிறது.

எனக்கே அது நடந்தது. முதல் டிராக் நாளில், ஐந்தாவது சுற்றில், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கார் நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. காரில் கோளாறு எதுவும் இல்லை. பிரேக் ஆயிலை மாற்றி மூன்று வருடமாகியிருந்தது, அவ்வளவுதான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி 155 டிகிரி போதும் என்கிறது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் வரும். ஆவி அமுங்கும், அதனால் பெடலும் அமுங்கும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இதை இரட்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு உங்கள் மூன்று கார்களையும் பார்க்கலாம்.

ஆக்டேவியா நெடுஞ்சாலையில் அருமையான கார், மறுக்கவில்லை. ஆனால் ஐ20-யை விட 200 கிலோவுக்கு மேல் கனம். ஒவ்வொரு கிலோவையும் பிரேக்கும் டயரும்தான் சுமக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை கியர்பாக்ஸ். நம்மூருக்கு வந்த 1.8-இல் இருப்பது, எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்ட 7 கியர் டிஎஸ்ஜி. அதன் தாங்கும் வரம்பு 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இன்ஜின் தருவதும் அதே 250. வரம்பின் விளிம்பிலேயே வேலை செய்யும் கியர்பாக்ஸை, பல வருடம் ஓடிய பிறகு வாங்கி, காலையில் வண்டலூர் நெரிசலில் ஊரவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் விரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழுது வந்தால் செலவு லட்ச ரூபாய்க் கணக்கில் போகலாம்.

வர்ட்டஸ் ஜிடிதான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர், நேராகவும் நிதானமாகவும் ஓடும் உடல்கட்டு. பின் சக்கரங்களில் டிரம் பிரேக் என்று பலர் குறை சொல்வார்கள். பிரேக்கிங்கில் எடை முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன் டிஸ்க்குகளே செய்கின்றன, ஆகவே டிரம் மட்டுமே ஒரு காரை நிராகரிக்கக் காரணமில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது டிஎஸ்ஜி. அதிலும் அதே வகை உலர் கிளட்ச்தான். வர்ட்டஸில் இந்த 1.5 இன்ஜின் 2023 முதல் மேனுவலிலும் வந்தது. முழு சர்வீஸ் பதிவோடு, உங்கள் பணத்துக்குள், அந்த மேனுவல் ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதில் மாறக்கூடும்.

ஐ20 என் லைனில் 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். வெளிநாட்டு வீடியோக்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 204 பிஎஸ் 'ஐ20 என்' வேறு கார், அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். நேர்ப்பாதையில் மற்ற இரண்டும் இதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் இது லேசானது, நான்கு சக்கரத்திலும் டிஸ்க், சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-யை விட இறுக்கம். மகளைப் பள்ளியில் விட்டு வரலாம், சர்வீஸ் சென்டர் எங்கும் இருக்கிறது, வாரண்டியும் புதிதாக இருக்கும். டிராக்கில் வரும் தேய்மானத்தையும் பழுதையும் வாரண்டி ஏற்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 2023-இல்தான் 6 கியர் மேனுவல் கிளட்ச் பெடலோடு வந்தது. அதற்கு முந்தையவற்றில் இருந்தது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி. பழையதாக வாங்க நேர்ந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 120 பிஎஸ் காரில் கற்றுக்கொள்பவர் வளைவில் வேகத்தைக் காப்பாற்றப் பழகுகிறார். வளைவில் விட்டதை நேர்ப்பாதையில் பிடித்துவிட இன்ஜினில் பலம் கிடையாதே.

காப்பீட்டைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். நம் நாட்டு வழக்கமான கார் பாலிசியில், ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பு கிடையாது. டிராக்கில் சுவரில் உரசினால் செலவு முழுக்க உங்களுடையது என்று எண்ணியே கேட்டுக்குள் நுழையுங்கள். திங்கள்கிழமை அலுவலகத்துக்கும் அதே கார்தான் வேண்டும். மூன்றில் எது அடிபட்டால் உங்கள் குடும்பம் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய கடன் போட்டு வாங்கிய காரை அங்கே கொண்டு போகவே வேண்டாம்.

வாங்கியதும் என்ன மாற்றுவது? பிரேக் ஆயில், அடுத்து முன் பிரேக் பேட், அவ்வளவு போதும். முழு ரேஸ் பேட் போடாதீர்கள். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பள்ளி வாசலில் குளிர்ந்த பேட் பிடிக்காமல் போவது நமக்கு வேண்டாம். சாலையிலும் டிராக்கிலும் பயன்படும் நடுத்தர வகை கேளுங்கள். டயரும் அப்படித்தான், ஐப்பசி மழையில் தண்ணீரை விலக்கும் நல்ல சாலை டயரே போதும். இசியு ரீமேப் (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றி எழுதுவது), சத்தமான சைலன்சர் இரண்டையும் மறந்துவிடுங்கள். வாரண்டி போகும், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

டிராக் நாளில் குழந்தை இருக்கை, தரைவிரிப்பு, டிக்கியில் உருளும் சாமான் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். நான்கு சுற்று வேகமாக, ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக, பிறகு உள்ளே வந்துவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். இன்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் டர்போவுக்கு நல்லது. சூட்டில் டயர் காற்றழுத்தம் ஏறும், அப்போது கொஞ்சம் இறக்கினால் வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். கார் சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பான இஎஸ்சி-யை முதல் வருடம் அணைக்கவே அணைக்காதீர்கள்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது மகளின் இருக்கையையும் ஒரு முழுமுக ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்கள். பின்னால் அந்த இருக்கையை மாட்டி, முன்னால் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, தலை கூரையில் இடிக்கிறதா, கிளட்சை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் வியந்து பார்ப்பார், பார்க்கட்டும். அட்வான்ஸை அதற்குப் பிறகு கொடுங்கள்.