தடுப்பூசிக்கு அஞ்சும் உங்கள் அக்காவிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். இணைய குரு ஒருவரின் காணொளிகளைப் பார்த்து, தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று நம்பி உங்கள் அக்கா தம் குழந்தைக்கு அதைப் போட மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

இந்த அச்சத்தைப் பரப்பியது 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை. அதில் ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞரிடம் வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்ததும், குழந்தைகளின் மருத்துவ விவரங்கள் திரிக்கப்பட்டிருந்ததும் பின்னர் அம்பலமாயின. 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு 6,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்தும் அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை.

ஆயினும் இவற்றை அடுக்கி அக்காவின் வாயை அடைத்துவிடாதீர்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படும் பருவமும் தடுப்பூசியின் முதல் தவணை போடும் பருவமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், தடுப்பூசியே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு தாய் எண்ணுவது இயல்பே. என் கோபமெல்லாம் அந்த அச்சத்தை வளர்த்துப் பார்வையாளர்களைச் சேர்ப்பவர் மீதுதான். அக்கா எதற்கு அஞ்சுகிறார் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் நம்பும் குழந்தை மருத்துவரிடம் இருவருமாகச் செல்லுங்கள். தட்டம்மை மிக எளிதில் தொற்றுவதால் தடுப்பூசியை அதிகம் தள்ளிப்போட வேண்டாம்.