தடயவியல் சான்றிதழ் வாங்கலாமா? – வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ஒரு தம்பிக்கு 'தடயவியலில் ஆறு மாதம், ஒரு வருஷச் சான்றிதழ் படிப்பெல்லாம் இருக்கிறது, விசாரித்துப் பார்' என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டேன். வந்தது வினை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் கடிதம், வாட்ஸ்அப், ஒருவர் சந்தைக்குப் போன இடத்தில் என்னை நிறுத்தியே கேட்டுவிட்டார். நான் விஞ்ஞானி இல்லை, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். லேபுக்குப் போன பார்சலையும் லேபிலிருந்து வந்த ரிப்போர்ட்டையும் பதிவேட்டில் ஏற்றியே காலம் போனது. அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

'தர்மபுரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன் சார். ஒரு நிறுவனத்தில் ஆறு மாத முதுநிலைச் சான்றிதழ், 45 ஆயிரம் ரூபாய், முடித்தால் அரசு தடயவியல் லேபில் வேலை உறுதி என்கிறார்கள். அப்பா ஆட்டை விற்றுப் பணம் தருகிறேன் என்கிறார். சேரட்டுமா?' – ஒரு வாசகி, பென்னாகரம்

ஆட்டை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லும்மா. அரசு வேலையை உறுதி செய்து தர எந்தத் தனியார் நிறுவனத்தாலும் முடியாது, அந்த ஒரு வரியை நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள் என்றாலே மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை.

உன் கையில் ஏற்கெனவே இருக்கிற பொருளின் மதிப்பு உனக்குத் தெரியவில்லை. தடயவியல் என்று தனியாக ஒரு வித்தை கிடையாது, வேதியியலும் இயற்பியலும் உயிரியலும்தான் கோர்ட்டு வாசல் வரை நடந்து வருகின்றன. சென்னையில் 1849-ல் ஆரம்பித்த இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இந்த நாட்டிலேயே முதல் இப்படிப்பட்ட ஆய்வகம், பெயரே இரசாயனம்தான். விஷம் குடித்துச் செத்தாரா, கொடுத்துச் செத்தாரா என்று சந்தேகம் வந்தால், இரைப்பை, கல்லீரல் துண்டு, சிறுநீரகத் துண்டு எல்லாம் கண்ணாடி பாட்டிலில் கெட்டியான உப்புத் தண்ணீரில் மிதந்தபடி வரும். அதை அரைத்து, சாறு எடுத்து, சிலிக்கா பூசிய தட்டில் பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தி, பொட்டு எவ்வளவு உயரம் ஏறியது, மருந்து தெளித்தால் என்ன நிறம் காட்டியது என்று பார்ப்பார்கள், அப்புறம் கலந்து கிடக்கிற பொருளைப் பிரித்து இன்னதென்று காட்டுகிற ஜிசி-எம்எஸ் கருவியில் உறுதி செய்வார்கள். பூச்சிமருந்தா, அரளி விதையா என்று பிரித்துச் சொல்வது கல்லூரி லேபில் நீ செய்த குரோமட்டோகிராபியின் அண்ணன்தான்.

அதனால் வரிசை இப்படி: முடிந்தால் எம்.எஸ்சி., வேதியியலிலோ தடய அறிவியலிலோ. சான்றிதழ் அதற்கு மேலே. சட்டை இருந்தால்தான் பட்டன் தைக்க முடியும். மாநிலத் தடய அறிவியல் துறைக்கு டிஎன்பிஎஸ்சி எடுத்த இளநிலை அறிவியல் அலுவலர் தேர்வின் பழைய அறிவிக்கையை இறக்கி, கல்வித் தகுதி என்ற பத்தியை மட்டும் நிதானமாகப் படி. எந்தப் படிப்பைக் கேட்கிறார்கள் என்பது அங்கே இருக்கிறது, நோட்டீஸில் இல்லை. இன்னொரு வழியையும் நம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை: கைரேகைப் பிரிவு தனி, அது போலீசோடு சேர்ந்தது, கைரேகை எஸ்.ஐ. வேலைக்கு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவியல் பட்டதாரிகளிடம் விண்ணப்பம் வாங்கியிருக்கிறது.

சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எந்தப் பல்கலைக்கழகம்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேபில் நிற்க விடுவீர்கள்? பாடம் எடுப்பவர் கோர்ட்டில் ஒரு தடவையாவது சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு எதிரில் இருப்பவர் தண்ணீர் குடித்தால் எழுந்து வந்துவிடு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி தன் இணையதளத்திலேயே போட்டு வைத்திருக்கிறது, அதையும் ஒரு பார்வை பார்.

'பொண்ணு தடயவியல் படிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பொணத்தை அறுக்கிற வேலைதானே அது?' – ஒரு தாய், அரூர்

இல்லைங்கம்மா. பிரேதப் பரிசோதனை செய்வது எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர், அது தடயவியல் மருத்துவம், மருத்துவக் கல்லூரி வேலை. உங்கள் பெண் சொல்வது தடய அறிவியல். அவள் முன்னால் வருவது பாட்டில், துணி, மண், மயிர், செல்போன். எப்போதாவது சம்பவ இடத்துக்குப் போக வேண்டி வரும், அங்கே சில காட்சிகளைப் பார்க்கத்தான் வேண்டும். பிரசவ வார்டு நர்ஸ் பார்க்காததையா பார்த்துவிடப் போகிறாள்.

'டி.என்.ஏ. ரிசல்ட் பத்து நிமிஷத்தில் வருமா? சீரியலில் வந்ததே.' – கல்லூரி மாணவர், காரிமங்கலம்

வராது. சீரியலில் மாமியார் மனசு கூடத்தான் ஒரே எபிசோடில் மாறுகிறது.

'ஓசூரில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் சப்போர்ட் வேலை, ஐந்து வருஷ அனுபவம். டிஜிட்டல் தடயவியலில் சான்றிதழ் வாங்கினால் பிரயோஜனம் உண்டா?' – ஒரு வாசகர், ஓசூர்

உண்டு. சான்றிதழ் என்ற சின்னப் படிப்பு யாருக்காக உண்டாக்கியதோ அந்த ஆள் நீங்கள்தான், கையில் தொழில் இருக்கிறது, அதன் மேல் ஒரு மெருகு வேண்டும், அவ்வளவே.

2024 ஜூலை 1-ல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்தபின் செல்போன், பென்டிரைவ், சிசிடிவி எதையும் சாட்சியமாகக் காட்ட வேண்டுமென்றால் பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி ஒரு சான்று தர வேண்டும், அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் எண்ணை எழுதியாக வேண்டும். ஹாஷ் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காக: ஒரு கோப்பிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிற நீளமான எண், கோப்பில் ஒரு கமா மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். கைப்பற்றிய அன்று ஒரு எண், கோர்ட்டில் திறக்கும்போது வேறு எண் என்றால் எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அன்று தீபாவளி. ஹார்டு டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பார்ப்பதே தப்பு, டிஸ்க்கில் புதிதாக எதுவும் பதியாமல் தடுக்கிற ரைட் பிளாக்கர் என்ற கருவியை நடுவில் வைத்து, அப்படியே ஒரு நகல் எடுத்து, நகலில்தான் வேலை பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் நெட்வொர்க் பார்த்தவருக்கு இதெல்லாம் ஒரே வாரத்தில் பிடிபடும், கஷ்டம் என்னவென்றால் செய்ததை ஒவ்வொரு படியாக எழுதி வைக்கிற பழக்கம், அது ஐடி ஆட்களுக்குச் சுத்தமாகக் கிடையாது.

எங்கே என்றால், 2020 சட்டத்தின்படி உண்டான தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் குஜராத் காந்திநகரில் இருக்கிறது, நமக்குக் கொஞ்சம் பக்கம் என்று பார்த்தால் அதன் தார்வாட் வளாகம், ஓசூரிலிருந்து பெங்களூர் போய் ஒரு ராத்திரி ரயில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல் எம்.எஸ்சி. உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் இ-பிஜி பாடசாலா தளத்தில் தடய அறிவியல் பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன, ஒரு மாதம் படித்துப் பாருங்கள். தூக்கம் வரவில்லை என்றால் சேருங்கள்.

'மகள் எம்.எஸ்சி. உயிர்தொழில்நுட்பம். அமெரிக்காவில் தடயவியல் கிராஜுவேட் சர்டிபிகேட் படிக்க ஆசைப்படுகிறாள். கடன் வாங்கி அனுப்பலாமா?' – ஒரு தகப்பனார், ஊத்தங்கரை

ஐயா, அங்கே கிராஜுவேட் என்றால் பட்டம் முடித்தபின் படிப்பது என்று பொருள், நம் முதுநிலைக்குச் சமமான வகுப்பு. சான்றிதழ் என்பது அதில் நாலைந்து பாடம் மட்டும், பட்டம் ஆகாது. புளோரிடா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் விஷவியல், போதைப்பொருள் வேதியியல், டி.என்.ஏ. என்று தனித்தனியாகவே சான்றிதழ் தருகிறார்கள், அதுவும் இணையத்தில். இணையத்தில் முழுப் படிப்பும் முடிகிறது என்றால் அதைக் காட்டி மாணவர் விசா கிடைக்காது, ஊத்தங்கரையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அங்கேயே போய்ப் படிக்கிற சான்றிதழ் என்றாலும், அறிவியல் படித்தவர்களுக்கு வேலை அனுமதியை இன்னும் 24 மாதம் நீட்டித் தருகிறார்களே, அது பட்டப் படிப்புக்குத்தான். போதாததற்கு அந்த ஊர்த் தடயவியல் லேப்கள் பெரும்பாலும் அரசாங்கத்துடையவை, பல இடங்களில் குடியுரிமை கேட்பார்கள்.

அங்கே டி.என்.ஏ. ஆய்வாளர் ஆக எஃப்பிஐ வகுத்த தரவிதி ஒன்று இருக்கிறது. உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல், புள்ளியியல், இவையெல்லாம் படித்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள், இதில் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கும். கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால் முழு எம்.எஸ். பட்டத்துக்கு வாங்குங்கள். வெறும் சான்றிதழுக்கு வேண்டாம். அவளை ஒரு தரம் யுஜிசி நெட் தேர்வு எழுதவும் சொல்லுங்கள், அதில் தடய அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது, தேறினால் கல்லூரியில் பாடம் எடுக்கலாம்.

'பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன் என்ன செய்வது? அப்பா வனத்துறையில் காவலர்.' – ஒரு வாசகர், பாலக்கோடு

தம்பி, அப்பாவோடு ஒரு நாள் காட்டுக்குப் போய்வந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் மின்வேலியில் மூன்று யானை செத்தது உனக்கு நினைவிருக்கும், அங்கே கம்பியைக் கைப்பற்றி, எங்கிருந்து கரண்ட் இழுத்தார்கள் என்று நிரூபிப்பதும் தடயவியல்தான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோரம் சட்டியில் வெந்த கறி பிடிபட்டால், பிடிபட்டவர் ஆட்டுக்கறி என்பார், வனவர் மான்கறி என்பார். வெந்த கறியைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எடுத்து எந்த விலங்கு என்று பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற மத்திய உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் லேகோன்ஸ் ஆய்வகம் இந்த வேலையைச் செய்கிறது, வண்டலூரில் நம் வனத்துறையின் உயர் வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. விலங்கியலோடு மூலக்கூறு உயிரியல் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் குறைவு.

'நாற்பது வயது, ஏட்டு. இந்த வயதில் சான்றிதழ் படித்து என்ன ஆகப் போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்.' – பெயர் வேண்டாம் என்றவர், கிருஷ்ணகிரி

உங்களுக்குத்தான் முதலில் ஆகும் என்பேன். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 176-வது பிரிவில், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் எடுக்க வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது, மாநிலங்கள் இதை அமலுக்குக் கொண்டுவர ஐந்து வருஷ அவகாசம். நிபுணர் வந்து சேரும்வரை அந்த இடத்தைக் காப்பாற்றப் போவது யார்? நீங்கள்தான். இரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்தால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும், நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும், இது தெரியாமல் நாறிப்போன பார்சலை என் கையாலேயே பதிவு செய்திருக்கிறேன்.

ஒரு மே மாதம். காவலர் ஒருவர் விஸ்ரா, அதாவது பிரேதத்தின் உள்ளுறுப்புத் துண்டுகள் உள்ள பாட்டில் பெட்டியைச் சேலத்து லேபுக்குக் கொண்டு போகிறார், பஸ்ஸில் நிற்க இடமில்லை, டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் பெட்டியை வைத்துவிட்டு அவரும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். இறங்கும்போது அரக்கு முத்திரை இளகி, எழுத்தெல்லாம் அழிந்து, அடுப்பில் விட்ட வெல்லம் மாதிரி வழிந்து கிடந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகவில்லை என்று லேபில் வாங்கவில்லை, திரும்பி வந்துவிட்டார். அப்புறம் புதுக் கடிதம், புது முத்திரை, எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒரு நாள் பெட்டி எங்கே இருந்தது என்று குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் கேட்டார். பாவம் அந்தக் காவலர், 'பஸ்ஸில் கூட்டம் ஐயா' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.