விளக்கு பச்சை, லைன் காலி

கேள்வி: ஓசூரில் எங்கள் தொழிற்சாலைக்கும் சற்றுத் தள்ளியுள்ள கிடங்குக்கும் இடையே இரண்டு ஃபைபர் லைன்கள். இருபுறமும் லேயர் 3 ஸ்விட்ச் (ரவுட்டர் வேலையும் செய்வது), பாக்கெட் போகும் பாதையைத் தேர்ந்தெடுக்க ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை ஓடுகிறது. சாலையைத் தோண்டி யாராவது ஒரு லைனை அறுத்தால் முக்கால் நிமிடம் கிடங்கில் பில் போட முடியவில்லை. போர்ட் விளக்கோ பச்சையாகவே எரிகிறது. மாற்று லைன் இருந்தும் ஏன் இந்தத் தாமதம்? ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ டைமரை 1 விநாடியாகக் குறைக்கச் சொல்கிறார் நண்பர்.

பதில்: உங்கள் ஸ்விட்ச்சுக்கும், லைன்காரர் அதே ரேக்கில் வைத்துவிட்டுப் போன மீடியா கன்வெர்ட்டருக்கும் (ஃபைபரை உங்கள் கேபிளோடு இணைக்கும் பெட்டி) நடுவே ஒரு மீட்டர் கேபிள் இருக்குமே, அது நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சை விளக்குக்கு எதுவும் தெரியாது. போர்ட் விழாததால் ஓஎஸ்பிஎஃப்புக்கு ஹலோதான் கதி, அதாவது ‘நான் இருக்கிறேன்’ என்று எதிர்முனை அனுப்பும் செய்தி. வழக்கமாக 10 விநாடிக்கு ஒன்று. தொடர்ந்து 40 விநாடி வராவிட்டால்தான் எதிர்முனை போய்விட்டதென்று முடிவு கட்டும். அதுவரை பாக்கெட்டெல்லாம் அறுந்த லைனுக்குத்தான்.

முதலில் அந்தக் கன்வெர்ட்டரில் ‘லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஃபைபர் போன உடனே உங்கள் பக்கத்து போர்ட்டையும் அதுவே இறக்கிவிடும். பலர் வாங்கி வைத்துக்கொண்டு அணைத்தே வைத்திருக்கிறார்கள்!

அது இல்லாவிட்டால் பிஎஃப்டி, அதாவது எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் நெறிமுறை. நண்பர் சொல்வதும் நடக்கும்தான். ஆனால் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி (இன்னொரு பாதை நெறிமுறை) என்று ஒவ்வொன்றின் டைமரையும் தனித்தனியாக முறுக்குவதைவிட, உயிர் பார்ப்பதற்கென்றே இருக்கும் ஒன்றிடம் அந்த வேலையைக் கொடுப்பது மேல். 2010இல் ஆர்எஃப்சி 5880ஆக வெளிவந்த நெறிமுறை இது. சின்னச் சின்ன யூடிபி பாக்கெட்டுகளை இருமுனைகளும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். நின்றுபோனால் ஓஎஸ்பிஎஃப்பிடம் சொல்லும், அவ்வளவுதான்.

சிஸ்கோ வகை ஸ்விட்ச் என்றால் இன்டர்ஃபேஸில் அனுப்பும் இடைவெளி 300, பெறும் இடைவெளி 300, மல்டிபிளையர் (எத்தனை பாக்கெட் தவறினால் செத்ததாகக் கொள்வது) 3 என்று கொடுங்கள். பிறகு ஓஎஸ்பிஎஃப் பகுதியில் பிஎஃப்டியை இயக்குங்கள். சிஸ்கோவின் நெக்ஸஸ் வகையில் அதற்கு முன் ‘ஃபீச்சர் பிஎஃப்டி’ போட வேண்டும். 300 மில்லிவிநாடி மூன்று முறை, அதாவது 0.9 விநாடியில் தெரிந்துவிடும். எதிர்முனையில் அனுப்பும் இடைவெளி 1000 என்றிருந்தால் உங்கள் 300க்கு மதிப்பில்லை. இரண்டில் பெரியதைத்தான் எடுத்துக்கொள்ளும், பெருக்குவதும் எதிர்முனையின் மல்டிபிளையரால். கிடங்குப் பக்கம் போடவே மறந்துவிட்டாலோ இன்னும் மோசம்: ஓஎஸ்பிஎஃப் வழக்கம்போல எதிர்முனையோடு நெய்பர் (அண்டை) ஆகிவிடும், நீங்கள் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பிஎஃப்டி நெய்பர் பட்டியலில் ‘அப்’ என்று கண்ணால் பார்த்த பிறகே வீட்டுக்குப் போங்கள்.

சோதிக்கும்போது ஸ்விட்ச்சிலிருந்து கேபிளைப் பிடுங்காதீர்கள். போர்ட் விழுந்துவிடும், பிஎஃப்டிக்கு வேலையே இருக்காது. கன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் வரும் லைனைக் கழற்றுங்கள்.

கேள்வி: 50 மில்லிவிநாடி, மல்டிபிளையர் 3 என்று வைத்தேன். இரவில் பேக்கப் ஓடும்போது நெய்பர் விழுந்து விழுந்து எழுகிறது. லைனில் பிழை எதுவும் இல்லை.

பதில்: 150 மில்லிவிநாடிக்குள் எதிர்முனையின் குரல் கேட்காவிட்டால் செத்துவிட்டதாக அறிவி என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். சில ஸ்விட்ச்சுகளில் பிஎஃப்டியை ஹார்டுவேரே கவனிக்கும். விலை குறைந்தவை பலவற்றில் சிபியூ தலையில்தான் விழும். சிபியூவுக்கு மூச்சு முட்டும் நேரத்தில் பாக்கெட் தாமதமாகும், நல்ல லைனுக்கே மரணச் சான்றிதழ் கிடைக்கும். விழும் நேரத்தில் சிபியூ எவ்வளவு என்று பாருங்கள். அது சும்மா இருக்கிறதென்றால், பேக்கப் லைனையே நிரப்பி பிஎஃப்டி பாக்கெட்டும் அதில் கைவிடப்படுகிறதா என்று கியூவை (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) பாருங்கள். அப்படியானால் எந்தப் பாக்கெட் முதலில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கியூஓஎஸ்ஸில் அதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும் 300 அல்லது 500க்கு ஏற்றிவிடுங்கள். ஒன்று, ஒன்றரை விநாடியில் மாறினால் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பங்குச் சந்தை நடத்துகிறீர்களா என்ன? எக்கோ முறையில் (உங்கள் பாக்கெட்டையே எதிர்முனை உங்களிடம் திருப்பும் முறை) ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த இன்டர்ஃபேஸில் ‘வேறு வழியில் அனுப்பு’ என்று சொல்லும் ஐசிஎம்பி ரீடைரக்டையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இரு ரவுட்டர்களின் லூப்பேக் முகவரிகளுக்கு (எந்த போர்ட்டையும் சாராத உள் முகவரி) நடுவே பிஜிபி. இடையில் ஃபயர்வால் உண்டு. 3784 போர்ட்டைத் திறந்தும் பிஎஃப்டி எழவே இல்லை.

பதில்: 3784 நேரடி அண்டை வீட்டாருக்கு மட்டும். அதில் வரும் பாக்கெட்டின் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 255ஆகவே இருக்க வேண்டும். நடுவில் ஒரு ரவுட்டிங் நடந்து 254 ஆனாலே தூக்கிப் போட்டுவிடும். தூரத்து ஆள் பொய்யாக அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உங்களுக்குத் தேவை நடுவில் ரவுட்டர்கள் இருந்தாலும் வேலை செய்யும் மல்டிஹாப் பிஎஃப்டி. இருபுறமும் அதற்கு மாற்றி, ஃபயர்வாலில் யூடிபி 4784ஐ இரு திசையிலும் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே ரேக்கில் இரண்டு ஸ்விட்ச்சுகள், நேரடி ஃபைபர். அங்கும் பிஎஃப்டி வேண்டுமா?

பதில்: வேண்டாம். வெளிச்சம் நின்றால் போர்ட்டே விழுந்துவிடும்.