தவளையின் விரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மகள் விலங்கியல் முதுகலை படிக்கிறாள். கீரிப்பாறைப் பக்கம் தவளை ஆய்வுக்குப் போகிறாள். அடையாளத்துக்காகத் தவளையின் விரல் நுனியை வெட்டுவார்களாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. சும்மா எண்ணிவிட்டு வந்தால் போதாதா?

– ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

சும்மா எண்ணினால் போதாது. ஒரே தவளையை நாலு தடவை எண்ணிவிடுவோம். இலைக்கடியில் கிடப்பதை எண்ணவே மாட்டோம். அதனால்தான் பிடித்து, குறி வைத்து, விட்டுவிட்டு, மறுபடி பிடிக்கிறார்கள். 40 தவளைகளுக்குக் குறி வைத்தாயிற்று. அடுத்த முறை பிடித்த 50-இல் 10, அதாவது ஐந்தில் ஒன்று, குறி வைத்தவை என்றால், மொத்தம் 40-இன் ஐந்து மடங்கு, சுமார் 200.

குறி வைத்ததும் வைக்காததும் ஒன்றுபோலப் பிழைத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வெட்டுப்பட்டவற்றில் பாதி செத்துப்போனால் 10-க்குப் பதில் 5தான் சிக்கும்; கணக்கு 400 என்று காட்டும். தவளையைக் கொன்றுவிட்டு, தவளை பெருகிவிட்டது என்று அறிக்கை எழுதுவோம்! மகள் தன் பேராசிரியரிடம் இரக்கம் பேச வேண்டாம், இதைக் கேட்கட்டும். 2004-இல் மக்கார்த்தி, பாரிஸ் என்ற இருவர் பழைய ஆய்வுகளை அலசி, வெட்டும் விரல்கள் கூடக்கூட அந்தத் தவளை மறுபடி கிடைக்கும் வாய்ப்பு குறைவதைக் காட்டினார்கள்.

வெட்டுபவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்தத் துணுக்கிலிருந்து மரபணு எடுக்கலாம், எலும்பு வளையம் பார்த்து வயதைக் கணிக்கலாம். ஆனால் நம் மலைகளின் புதர்த்தவளை, விரல் நுனியிலுள்ள வட்டத் தட்டை வைத்துத்தான் இலையில் ஒட்டி ஏறுகிறது. அதை வெட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

வேறு வழிகள் இருக்கின்றன. முதுகிலோ வயிற்றிலோ புள்ளி, கோடு இருக்கும் இனமென்றால் போட்டோ போதும். இல்லாவிட்டால் நிறமுள்ள சிலிக்கோன் திரவத்தை மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவார்கள். சிரட்டையில் ரப்பர் பால் உறைவதுபோல அது உள்ளே உறைந்துவிடும். புற ஊதா டார்ச் அடித்தால் ஒளிரும். சில சமயம் இடம் நகரும், அது ஒரு தொல்லை. தோலுக்கடியில் வைக்கும் மின்னணுச் சில்லு வழக்கமாக 8 மில்லிமீட்டராவது இருக்கும், 2 சென்டிமீட்டர் தவளைக்கு ஆகாது.

எந்த முறையானாலும் தவளைக்குத் தவளை கையுறை மாற்ற வேண்டும். கைட்ரிட் என்ற தோல் பூஞ்சை கை வழியாகப் பரவும். சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கக் கூடாது.

அப்புறம், அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க உப்பும் புகையிலையும் கட்டிக்கொடுப்பீர்கள். காலோடு நிற்கட்டும். அதைத் தொட்ட கையால் தவளையைத் தொடக் கூடாது. அதன் தோல் பட்டதையெல்லாம் உள்ளே இழுத்துவிடும்.