லைசென்ஸ் கூட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலக ஐபி பிபிஎக்ஸில் (இணையவழித் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில்) ஒரே நேரத்தில் 10 அழைப்புகளுக்குத்தான் லைசென்ஸ். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கிராஃபில் 7-ஐத் தாண்டியதே இல்லை. ஆனால் திங்கள் காலையில் லைன் கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள். விற்றவர் லைசென்ஸைக் கூட்டச் சொல்கிறார். கூட்டலாமா?
- வாசகர், கோவை

பதில்: செக் புத்தகத்தை உள்ளே வையுங்கள். 2 நிமிட அழைப்பு, உங்கள் கிராஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வந்து முடிந்தே போயிருக்கும். அழைப்புப் பதிவை, அதாவது சிடிஆரை, எக்ஸெலில் இறக்குங்கள். தொடங்கிய நேரத்துக்கு +1, முடிந்த நேரத்துக்கு -1. எல்லாவற்றையும் ஒரே பத்தியில் நேர வரிசைப்படுத்தி மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். திங்கள் காலையில் 10-ஐத் தொட்டு அங்கேயே நின்றால், லைன் நிரம்பிவிடுகிறது என்ற சந்தேகம் சரி. திருப்பி அனுப்பப்பட்ட அழைப்புகள் சிடிஆரில் வராமலும் போகலாம். அதனால் சிப் (SIP, இணையவழி அழைப்புகளை இணைக்கும் முறை) லாகில் 503, அதாவது 'இப்போது சேவை இல்லை' என்ற பதில்களையும் தேடுங்கள்.

மேனேஜர் தன் எக்ஸ்டென்ஷனை மொபைலுக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறாரா? (செய்திருப்பார்.) உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என அந்த ஒரே அழைப்பைப் பல கருவிகள் இரண்டாக எண்ணும். கூட்டும்போது இதையும் கவனியுங்கள்.

எத்தனை தேவை என்பதற்கு டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1917-லேயே சூத்திரம் தந்துவிட்டார். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 120 அழைப்புகள், சராசரி 3 நிமிடம் என்றால் 6 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 6 அழைப்புகள். 10 லைன் இருந்தால் நூற்றுக்கு நான்கைந்து அழைப்பு தவறும். ஒன்றாகக் குறைக்க 13 வேண்டும்.

அப்புறம், சிப் டிரங்க் (பிபிஎக்ஸை வெளி உலகத்தோடு இணைக்கும் இணைப்பு) தருபவர் எத்தனை சேனல், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புக்கு வழி, கொடுத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அங்கேயும் 10 என்றால், லைசென்ஸை மட்டும் 20 ஆக்கிப் பயனில்லை.