சைலன்சரில் வரும் கறுப்புத் தண்ணீர்

கேள்வி: என் பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கி நான்கு வருடம் ஆகிறது, 32,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டபோது, “எஞ்சினுக்குள்ள கார்பன் சேர்ந்திருக்கு, கிளீன் பண்ணா மைலேஜ் கூடும்” என்றார்கள். 3,200 ரூபாயாம், ஜிஎஸ்டி தனி. ஓட்டுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செய்யலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: குறை தெரியவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் எதற்கு 3,200 ரூபாய்? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கார்பன் படிவது பொய்யில்லை. ஆனால் சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. அதுவே வால்வைக் கழுவிக்கொண்டிருக்கும். டிஎஸ்ஐ, ஜிடிஐ என்று பெயர் போட்ட டர்போ வண்டிகளில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. அவற்றில் எண்ணெய்ப் புகை வால்வின் முதுகில் படிந்து இறுகும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அங்கே எட்டாது. காற்றைக் கொண்டுவரும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித்தான் எடுக்க வேண்டும்.

உங்களிடம் விற்கப் பார்ப்பது அநேகமாக ஹைட்ரஜன் மெஷின். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் வாயுவை ஏர் இன்டேக் வழியாக, ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓட) அரை மணி நேரம் போல விடுவார்கள். கடைசியில் சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்து, “பாருங்க சார், எவ்வளவு கறுப்பு!” என்பார்கள். எனக்கும் ஒருமுறை காட்டினார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான சைலன்சரில் அது ஆவியாகப் போய்விடும். சைலன்சர் சூடேறாதபோது சொட்டும், குழாயில் இருந்த கரியையும் இழுத்து வரும். நாளைக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, மெஷின் இல்லாமலே துணியைப் பிடித்துப் பாருங்கள்.

வற்புறுத்தினால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கேமரா விட்டு, முன்னும் பின்னும் படம் காட்டச் சொல்லுங்கள். ஐட்லிங்கில் உதறல், மேடு ஏறும்போது எஞ்சின் தட்டும் சத்தம், செக் எஞ்சின் விளக்கு என்று ஏதாவது இருந்தால்தான் கார்பனைச் சந்தேகிக்கலாம். மைலேஜ் மட்டும் குறைந்திருந்தால் முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக் மூன்றையும் பாருங்கள். மேனுவலின் சர்வீஸ் அட்டவணையில் கார்பன் கிளீனிங் இருக்கிறதா என்றும் புரட்டிவிடுங்கள்.

ஒன்று முக்கியம். சில இடங்களில் ஜாப் கார்டில் இதை முன்கூட்டியே சேர்த்துவிட்டுக் கையெழுத்து கேட்பார்கள். வரி வரியாகப் படித்து, வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். கேட்காத வேலைக்கு பில் போட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: என்னுடையது பிஎஸ்6 டீசல். ஸ்கூல், ஆபீஸ் தவிர எங்கும் போவதில்லை. டிபிஎஃப் விளக்கு எரிகிறது. இதற்காவது கிளீனிங் செய்யலாமா? (வாசகி, கோவை)

பதில்: இது கரியை வடிகட்டும் ஃபில்டர் நிறைந்ததற்கான விளக்கு. சைலன்சர் நன்றாகச் சூடானால் அந்தக் கரி தானாக எரிந்துவிடும். குறுகிய ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. மேனுவலில் சொன்ன வேகத்தில், சேலம் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் போல நிற்காமல் ஓட்டுங்கள். விளக்கு அணையாவிட்டாலோ, செக் எஞ்சினும் சேர்ந்து எரிந்தாலோ சர்வீஸ் சென்டருக்கு விடுங்கள். அங்கே ஹைட்ரஜன் மெஷினைக் காட்டினால், மேலே திருச்சி வாசகருக்குச் சொன்னதுதான்.